ஹேண்டில் ஆடினால் கை என்ன செய்ய வேண்டும்?

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒரு வினாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடந்துவிடுகிறது. அந்த வேகத்தில் முன்சக்கரம் இடமும் வலமுமாக உதறத் தொடங்கினால், ஹேண்டில்பார் வினாடிக்கு ஆறிலிருந்து பத்து முறை ஆடும். எட்டு முறை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக அதற்கு ஆகும் நேரம் வினாடியில் பதினாறில் ஒரு பங்குதான். ஆட்டத்தைக் கை உணர்ந்து, மூளைக்குச் செய்தி போய், தசை இறுகித் திருப்பித் தள்ளுவதற்குச் சுறுசுறுப்பான இளைஞருக்கும் ஐந்தில் ஒரு பங்கு வினாடியாவது வேண்டும். அதற்குள் ஹேண்டில் மூன்று தடவை பக்கம் மாறியிருக்கும். வலப்பக்கம் போவதைத் தடுக்க நினைத்துக் கொடுத்த தள்ளு, ஹேண்டில் இடப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்து சேர்ந்து, அதை இன்னும் வேகமாக இடப்பக்கமே தள்ளிவிடலாம். பைக் ஓட்டுபவர்கள் வோபிள் என்று சொல்லும் இந்த உதறலைப் பற்றிய பேச்சை இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். கைத்திறமையால் அடக்கக்கூடிய ஆட்டம் இல்லை இது. அது வராமல் தடுப்பது டயரிலும் பேரிங்கிலும் ஏற்றிய சுமையிலும் இருக்கிறது. வந்துவிட்ட பிறகு ஓட்டுநர் செய்யக்கூடியது, அதற்கு மேலும் ஊட்டம் கொடுக்காமல் இருப்பதுதான். கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த முடிவுக்கு எதிராக அனுபவசாலிகளிடம் வலுவான வாதங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக எடைபோடும் முன், ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

பைக்கின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருக்கிறது. ஹேண்டில் திரும்பும் அச்சைக் கோடாக நீட்டினால், அது தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். இந்த இடைவெளி இருப்பதால்தான் சக்கரம் சற்றுத் திரும்பினாலும் தரையின் பக்கவாட்டு விசை அதை நேருக்கு இழுத்துக்கொள்கிறது. மளிகைக் கடைத் தள்ளுவண்டியின் சிறிய முன்சக்கரம் தள்ளும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதும் இதனால்தான். வேகமாகத் தள்ளினால் அதே சக்கரம் படபடவென்று அடித்துக்கொள்வதும் இதனால்தான். நேருக்கு வரும் சக்கரம் அங்கேயே நிற்பதில்லை. தன் எடையின் உந்தத்தில் மறுபக்கம் போகும், மறுபடி இழுக்கப்படும். உராய்வு இருந்தால் இரண்டு மூன்று ஆட்டத்தில் இது அடங்கிவிட வேண்டும். அடங்காமல் போவதற்குக் காரணம் ரப்பரின் குணம். டயர் திரும்பிய உடனே பக்கவாட்டு விசை முழுதாகக் கிடைத்துவிடாது. ஏறக்குறைய ஒரு சாண் தூரம் உருண்ட பிறகே அது வளர்ந்து சேரும். இந்தத் தாமதத்தால், சக்கரம் நேர்நிலையைத் தாண்டிய பிறகும் பழைய விசை கொஞ்ச நேரம் அதே திசையில் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் வண்டியின் ஓட்டத்திலிருந்து கொஞ்சம் ஆற்றல் ஹேண்டிலுக்குள் போய்ச் சேருகிறது. உராய்வு அதைத் தின்றுவிடும் வரை நமக்கு எதுவும் தெரியாது. உராய்வை அது மிஞ்சும் நொடியில் ஹேண்டில் உதறத் தொடங்குகிறது.

காற்றடைத்த சக்கரத்தின் இந்தப் படபடப்பை விரிவாக ஆராய்ந்தவர்களில் விமானக்காரர்கள் முக்கியமானவர்கள். தரையிறங்கும் விமானத்தின் சக்கரம் இப்படி உதறுவது பெரிய தொல்லையாக இருந்தது. ஜெர்மனியில் ஃபான் ஷ்லிப்பே, டீட்ரிச் இருவரும் 1941இல், டயரை இழுத்துக்கட்டிய கயிறாக உருவகித்து அதற்குக் கணக்கு எழுதினார்கள். சைக்கிளின் இயக்கத்துக்கு 1899லேயே கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் விப்பிள் சமன்பாடுகள் எழுதியிருந்தார். ஆனால் அவருடைய சக்கரங்கள் வழுக்காத கத்தி விளிம்புகள். அவற்றில் ரப்பருக்கு இடமில்லை. 1971இல் இங்கிலாந்தின் ராபின் ஷார்ப் இரண்டையும் ஒன்றாக்கினார். டயரின் தாமதத்தையும் சேர்த்து மோட்டார் சைக்கிளின் நிலைத்தன்மையை அவர் கணக்கிட்டபோது, வண்டி கவிழும் போக்கு, வண்டி முழுவதும் பாம்பாக நெளியும் போக்கு, முன்சக்கரம் மட்டும் வேகமாக உதறும் போக்கு என்று மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. நெளிவு வினாடிக்கு இரண்டிலிருந்து நான்கு முறை வரும். உதறல் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகம். வண்டி ஆடுகிறது என்று மெக்கானிக்கிடம் சொல்லும்போது இந்த இரண்டில் எது என்று சொல்வது முக்கியம். நெளிவுக்கும் உதறலுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. அது ஏன் என்பது பின்னால் வரும்.

ஷார்ப்பின் முதல் கணக்கில் ஒரு சங்கடம் இருந்தது. வேகம் கூடக் கூட உதறல் மோசமாகிக்கொண்டே போகும் என்று அது சொன்னது. சாலையில் பார்த்தது அப்படியில்லை. 1980இல் அவரும் சக ஆராய்ச்சியாளர் ஆல்ஸ்டெட்டும், ஃப்ரேமும் ஃபோர்க்கும் வளையக்கூடியவை என்பதையும் கணக்கில் சேர்த்தபோது படம் மாறியது. பல வண்டிகளில் உதறல் மிகவும் பலவீனமாக அடங்குவது நடுத்தர வேகத்தில்தான். அதைத் தாண்டினால் ஓரளவு சீராகிறது. 60, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு, கையையும் ஹேண்டிலிலிருந்து எடுத்தால் வண்டி தலையாட்டத் தொடங்குகிறது என்ற பழைய குறைக்கு இதனால் விளக்கம் கிடைத்தது. இன்னொரு காரணமும் அங்கே வந்து சேர்கிறது. நம் ஊர்ச் சாதாரண பைக்கின் டயர் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு ஏறக்குறைய ஒன்பது தடவை சுற்றும். உதறலின் இயல்பான தாளமும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. சக்கரத்தில் ஒரு பக்கம் எடை கூடியிருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் அது கொடுக்கும் சின்ன உதை, சரியாக ஹேண்டில் ஆட விரும்பும் நேரத்தில் விழும். ஆகவே, ‘நான் எண்பதைத் தாண்டுவதே இல்லை, இது ரேஸ் பைக்காரர்களின் கவலை’ என்று யாரும் இந்தப் பிரச்சினையை ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் நால்வழிச் சாலையிலும் இருசக்கர வாகனத்துக்கு 2018இல் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமே 80தான். அந்த வரம்புக்குள் ஒழுங்காகப் போகும் வண்டியும் ஆடலாம். அதிவேகத்தில் ஆட்டம் வந்தால் விளைவு பயங்கரம் என்பது உண்மை. அதற்காக வேகம் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டினால் வண்டியைப் பார்க்க மறந்துவிடுவோம்.

இப்போது கைக்கு வருவோம். இதில் ஓட்டுநர்களிடையே இரண்டு கட்சி. ஹேண்டிலைத் தளர விடு, வண்டி தானே சரியாகிவிடும் என்பது ஒன்று. கெட்டியாகப் பிடி என்பது மற்றொன்று. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது, குழப்பம் அதனால்தான். கை இல்லாதபோது ஆட்டம் தோன்றுகிறது, கை வைத்ததும் நிற்கிறது என்ற மேற்சொன்ன அனுபவமே, கை ஏதோ நல்லது செய்கிறது என்பதற்குச் சான்று. இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்தில் வித்தோரே கொஸால்தர் குழுவினர், ஓட்டுநர் எந்த முயற்சியும் செய்யாமல் வெறுமனே பிடித்திருக்கும்போது அவருடைய கையும் தோளும் ஹேண்டிலுக்கு எவ்வளவு தடை கொடுக்கின்றன என்று அளந்து பார்த்தார்கள். அந்தச் சும்மா இருக்கும் கை உதறலை அடக்க உதவுகிறது. அதே கை நெளிவுக்கு எதிரான நிலைத்தன்மையைக் கொஞ்சம் குறைத்துவிடவும் கூடும். கையின் சதையும் மூட்டும் ஆட்டத்தின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கின்றன. இதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை, அதனால் தாமதமும் இல்லை. கெடுதல் செய்வது உத்தரவோடு வரும் கை. ஆட்டத்தைத் துரத்தித் துரத்தித் திருப்பித் தள்ளும் கை எப்போதும் பிந்தித்தான் வரும். முழங்கையைப் பூட்டித் தோளை விறைத்துக்கொண்டால் உடம்பின் எடையே ஹேண்டிலோடு சேர்ந்துவிடும். முன்சக்கரத்தின் சின்ன ஆட்டம் உடம்பு வழியாக வண்டி முழுவதற்கும் போகும். அமெரிக்காவின் மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் புதிதாகக் கற்பவர்களுக்குச் சொல்லும் பாடமும் இதற்கு ஒத்துவருகிறது: ஹேண்டிலை உறுதியாகப் பிடித்துக்கொள், ஆட்டத்தோடு மல்லுக்கு நிற்காதே, ஆக்சிலரேட்டரைப் படிப்படியாக விடு, பிரேக் பிடிக்காதே, உடம்பை முடிந்தவரை முன்னும் கீழுமாகக் கொண்டுபோ. உறுதி என்பது உள்ளங்கையில் இருக்க வேண்டும், முழங்கையில் இருக்கக் கூடாது. முழங்கை மடங்கி இருக்க, உடம்பின் பாரத்தைத் தொடைகள் தாங்க வேண்டும். பெட்ரோல் டேங்கை இரு முழங்காலாலும் இறுகப் பற்றிக்கொண்டால், விழாமல் இருக்க ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கும் அவசியம் கைக்கு இருக்காது.

ஆக்சிலரேட்டரை முறுக்கினால் ஆட்டம் நின்றுவிடும் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. வேகம் எடுக்கும்போது பாரம் பின்சக்கரத்துக்குப் போகிறது, முன்டயர் தரையை அழுத்துவது குறைகிறது, அதை இடம் வலமாக இழுக்கும் விசையும் குறைகிறது. சக்தி வாய்ந்த எஞ்சின் உள்ள வண்டியில் சில நேரம் ஆட்டம் அந்த நொடியில் ஓய்ந்துபோகும். ஆனால் இலேசாகிவிட்ட முன்சக்கரம் சற்றுத் திரும்பிய நிலையில் மீண்டும் அழுத்தமாகத் தரையைப் பிடித்தால் என்ன ஆகும்? ஹேண்டில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அடித்து, டேங்கிலேயே மோதும் பெரிய உதறல் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது. மேட்டின் உச்சியில் முன்சக்கரம் எழும்பி இறங்கும் இடங்களில் ரேஸ் வீரர்களுக்கு அது நேர்வதும் இதனால்தான். தப்பித்தாலும், முன்பைவிட அதிக வேகத்தில், ஆட்டத்தின் காரணம் அப்படியே இருக்கும் வண்டியில் ஓட்டுநர் போய்க்கொண்டிருப்பார். நம் சாலைகளில் ஓடும் சிறிய எஞ்சின் வண்டிகளுக்கு முன்சக்கரத்தை அப்படி இலேசாக்கும் பலமும் இல்லை, வேகம் மட்டும்தான் கூடும். முன்பிரேக்கைப் பிடித்தால் நேர் எதிர்க் கெடுதல்: பாரத்தின் பெரும்பகுதி ஆடிக்கொண்டிருக்கும் அந்த டயரின் மேலேயே போய் இறங்கும். ஆகவே ஆக்சிலரேட்டரை வெடுக்கென்று மூடாமல் மெதுவாக விட்டு வேகத்தைக் கரைப்பதுதான் மிஞ்சுகிறது. பதற்றமான நேரத்தில் இது மிகக் கடினம், தெரியும். முன்கூட்டியே இந்தக் காரணங்களைத் தெரிந்துவைத்திருப்பவருக்கு அது கொஞ்சமாவது எளிதாகும் என்றுதான் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாலையில் செய்ய முடிவது இவ்வளவு குறைவு என்பதால், கவனம் முழுவதும் வண்டி நிற்கும்போது செய்யக்கூடியதற்குப் போக வேண்டும். முதலில் டயர். காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டு விறைப்பு குறைகிறது. தினமும் நேர்ச்சாலையிலேயே ஓடி நடுவில் தட்டையாகத் தேய்ந்த டயர், அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்த முன்டயர் இரண்டுமே ஆட்டத்தை வரவழைக்கும். பட்டன் இன்னும் தேயவில்லையே என்று நினைத்தாலும் டயரின் வடிவம் கெட்டிருக்கலாம். குனிந்து முன்னாலிருந்து பார்த்தால் தெரியும். பஞ்சர் கடையில் டயர் மாற்றும்போது வீல் பேலன்ஸ் பார்ப்பது நம்மிடையே மிக அரிது. கார்காரர்கள் தவறாமல் செய்வதை பைக்காரர்கள் தேவையற்ற செலவாக நினைக்கிறார்கள். மேலே சொன்ன ஒன்பது சுற்றுக் கணக்கு அந்தச் செலவுக்குப் போதுமான நியாயம். ரிம் பெண்டு, ஸ்போக் தளர்ச்சி, வீல் பேரிங் ஆட்டம் ஆகியவற்றையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

அடுத்தது கோன்செட். ஆட்டத்தின் காரணம் பல நேரம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது, நாம் குறைவாகக் கவனிப்பதும் இதைத்தான். ஃபோர்க்கை ஃப்ரேமின் கழுத்தோடு இணைக்கும் இந்தக் கிண்ணங்களில் சிறிய குண்டுகள் (பால்ஸ்) உருளுகின்றன. பள்ளத்திலும் வேகத்தடையிலும் விழும் ஒவ்வோர் அடியும் நேரே இங்கேதான் வந்து இறங்குகிறது. அடி விழும்போது ஹேண்டில் பெரும்பாலும் நேராகவே இருப்பதால், குண்டுகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுந்திச் சின்னப் பள்ளம் பதித்துவிடும். சோதிப்பது எளிது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கம் ஒருவர் அழுத்தி உட்கார்ந்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடுவில் வரும்போது பள்ளத்தில் விழுந்தது போல் தட்டி நின்றால் கோன்செட் போய்விட்டது. ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் டொக் டொக் என்று கேட்டால் அது தளர்ந்திருக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ஆட்டம் என்று போய் நின்றால், சில கடைகளில் நட்டை ஒரு சுற்று இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். உதறல் அப்போதைக்குக் குறைந்தது போல் தோன்றும். ஆனால் ஹேண்டில் தானாக நேருக்குத் திரும்பும் சுதந்திரத்தை இழந்து, வண்டி சாலையில் அலைபாயத் தொடங்கும். பள்ளம் பதிந்த கிண்ணத்தை இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷையும் இதே போல் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். அங்கே உள்ள தளர்ச்சி நெளிவாக வெளிவரும்.

சுமை விஷயத்தில் நாம் காட்டும் அலட்சியம் வருத்தம் தருகிறது. சீட்டுக்குப் பின்னால், பின்சக்கர அச்சையும் தாண்டி ஒரு பெட்டியைப் பொருத்தி அதில் எடையை நிரப்பினால், நெம்புகோல் போல முன்சக்கரம் இலேசாகிறது. காற்றும் அந்தப் பெட்டியைப் பிடித்து ஆட்டுகிறது. பெட்டி செய்பவர்கள் பலர் எடை வரம்போடு வேக வரம்பும் குறித்துத்தான் தருகிறார்கள். அந்தச் சின்ன ஸ்டிக்கரைப் படிப்பவர்கள் குறைவு. கனமான பொருளைத் தாழ்வாக, வண்டியின் நடுப்பகுதிக்கு நெருக்கமாக, இரு பக்கமும் சமமாகக் கட்ட வேண்டும். ஹேண்டிலிலேயே பொருத்தும் பெரிய கண்ணாடித் தடுப்பு, கூடுதல் விளக்குகள், ஹேண்டிலில் தொங்கும் பை ஆகியவை முன்பகுதியின் எடையையும் காற்றுப் பிடியையும் கூட்டி உதறலின் தாளத்தையே மாற்றிவிடும். புதிதாக ஏதாவது மாட்டிய பிறகு ஆட்டம் வந்தால் முதலில் அதைக் கழற்றிப் பார்ப்பதே முறை.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஒரு ஸ்டீயரிங் டாம்பர் மாட்டினால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. எண்ணெய் நிரம்பிய அந்தச் சிறிய குழாய், ஹேண்டில் மெதுவாகத் திரும்பும்போது வழிவிட்டு, வேகமாக அசையும்போது தடுக்கிறது. கையைவிடச் சிறந்த கை அது, ஏனென்றால் அதற்குத் தாமதம் இல்லை. 1997இல் வந்த சுசுகி டிஎல்1000எஸ் பைக்கில் ஹேண்டில் உதறல் பற்றிய புகார்கள் எழுந்தபோது, நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்து டாம்பர்தான் பொருத்தியது. ஆனால் உதறலை அடக்கும் அதே டாம்பர், அளவு மீறினால் அதிவேக நெளிவை மோசமாக்கும். ஹேண்டில் சுதந்திரமாகத் திரும்பித் தன்னைச் சரிசெய்துகொள்வதால்தான் வண்டி நேராக ஓடுகிறது. அந்தச் சுதந்திரத்தை டாம்பர் குறைக்கிறது. இரண்டையும் சமாளிக்கத்தான் ஹோண்டா 2004இன் சிபிஆர்1000ஆர்ஆர் பைக்கில் வேகத்துக்கேற்பத் தன் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் மின்னணு டாம்பரை வைத்தது. கடையில் வாங்கி, தெரிந்தவரைக் கொண்டு மாட்டி, முழுவதுமாக இறுக்கிவிடும் டாம்பர் அந்த வேலையைச் செய்யாது. தேய்ந்த கோன்செட்டின் மேல் மாட்டிய டாம்பர் அதைவிட ஆபத்தானது. வரப்போகும் பெரிய கோளாற்றின் முதல் அறிகுறியை அது மறைத்துவிடுகிறது.

மிகக் கடினமான ஆட்சேபம் வேறொன்று. டயரிலிருந்து பேரிங் வரை எதிலும் குறையில்லாத ரேஸ் பைக்குகளே ஆடுகின்றனவே? உண்மைதான். மூன்று ஆராய்ச்சியாளர்கள், லைம்பீர், ஷார்ப், எவாஞ்செலு, 2002இல் காட்டியபடி, சாலையின் மேற்பரப்பில் சீரான இடைவெளியில் வரும் சின்ன ஏற்ற இறக்கங்கள், குறிப்பிட்ட வேகத்திலும் சாய்விலும் வண்டியின் இயல்பான தாளத்தோடு சேர்ந்துகொண்டால், ஒழுங்கான வண்டியும் ஆடத் தொடங்கும். எல்லா ஆட்டத்தையும் பராமரிப்பு தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. பராமரிப்பு செய்வது, அடங்கும் தன்மையைக் கூட்டிவைப்பது. அதே மேடுபள்ளத்தில் நல்ல வண்டி இரண்டு முறை தலையாட்டிவிட்டு நேராகும், தேய்ந்த வண்டி நிற்காமல் ஆடும். லாரி கடந்து போகும்போது அடிக்கும் காற்றும் பாலத்தின் இணைப்பு இடுக்கும் எல்லோருக்கும் பொது. அவற்றுக்குப் பிறகு வண்டி என்ன செய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

அந்த வித்தியாசத்தைச் சோதிக்க நம் நாட்டில் போதிய ஏற்பாடு இல்லை என்பது உறுத்துகிறது. பிரிட்டனில் மூன்று வயது கடந்த மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். ஹேண்டிலின் பேரிங், சக்கரங்கள், டயர் எல்லாவற்றையும் அங்கே பார்க்கிறார்கள். இந்தியாவில் சொந்த உபயோக பைக்கின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை நாம் கட்டாயமாகக் காட்ட வேண்டிய சோதனைச் சான்று புகைக்கு மட்டும்தான். குடும்பமே ஏறிப் போகும் வண்டியின் கழுத்து எப்படி இருக்கிறது என்று பதினைந்து ஆண்டுகள் யாரும் கேட்பதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, பத்து நிமிடம் ஆகும் இந்தச் சோதனையை அரசு கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் ‘ஆயில் மாற்று, வாஷ்’ என்பதோடு கோன்செட், ஸ்விங் ஆர்ம் புஷ், வீல் பேலன்ஸ் மூன்றையும் நாமே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆட்டம் ஒரு தடவை வந்திருந்தால், எந்த வேகத்தில், எவ்வளவு சுமையோடு, கை ஹேண்டிலில் இருந்ததா, ஆடியது முன்பக்கமா வண்டி முழுவதுமா என்பதையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். கடை வாசலில் சுமையில்லாமல் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கும் மெக்கானிக்குக்கு ஆட்டம் தெரியாமல் போகலாம். இந்த நான்கு விவரமும் கையில் இருந்தால் எங்கே தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.